காலா கொலோரிட்சே: சார்டினியாவின் குட்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வது எப்படி?

முதல் நாள் நாங்கள் கடலையே பார்க்கவில்லை. கொண்டைஊசி வளைவுகளில் மலை ஏறி, மண்பாதையில் காரைக் குலுக்கிக்கொண்டு போய், நடைபாதை தொடங்கும் இடத்தில் இறங்கியபோது மணி 11. தோளில் துண்டு, பையில் ரொட்டி, முகத்தில் அசட்டு நம்பிக்கை. வாசலில் இருந்த பெண் முன்பதிவைக் கேட்டார். எங்களிடம் இல்லை. இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது என்று சிரித்தபடியே சொன்னார். திரும்பி வந்தோம்.

நாங்கள் அங்கே நான்கு இரவு தங்கியிருந்ததால் பிழைத்தோம். மூன்றாம் நாள் இடம் கிடைத்தது. ஒரே ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தால் படத்தில் பார்த்ததோடு சரி. நீங்களும் அப்படித் திரும்பக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இத்தாலியின் சார்டினியா தீவில், கிழக்குக் கரையில், ஒரோசேய் வளைகுடாவின் தென்பகுதியில் பவுனேய் என்னும் மலைக் கிராமத்துக்கு உட்பட்ட இடம் காலா கொலோரிட்சே. சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய சின்னக் கரை. ஒரு பக்கம் கடலுக்குள் இறங்கும் கல் வளைவு, தலைக்கு மேலே 143 மீட்டர் உயர ஊசிப் பாறை. காரில் கரைவரை போக முடியாது. படகில் வந்து இறங்கவும் அனுமதி இல்லை. நடந்துதான் போக வேண்டும். உலகின் சிறந்த 50 கடற்கரைகள் பட்டியலில் 2025-இல் இதற்கு முதலிடம் கிடைத்தது. அதன் பிறகு கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1. மாதத்தையும் இரவுகளையும் முடிவு செய்யுங்கள்

மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். அறை வாடகையும் கார் வாடகையும் எகிறும், வெயிலில் மலை ஏறுவது தண்டனை. ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை நாள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதத்தில் வெயில் இதம்தான், ஆனால் தண்ணீர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். குளிப்பதற்காகவே போகிறவர்களுக்கு என் ஓட்டு செப்டம்பருக்கு.

குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். ஒரு நாள் இடம் கிடைக்காமல் போகலாம். இன்னொரு நாள் கடல் கொந்தளிக்கலாம். கரை கிழக்கு பார்த்தது என்பதால் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று அடித்தால் அலை நேராக உள்ளே வரும். கனமழை எச்சரிக்கை இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள்.

தங்க இரண்டு ஊர்கள் வசதி. பவுனேய் மலைமேல் இருக்கிறது, பாதைக்குக் கிட்டம். அடிவாரத்தில் கடலோரமாக சாந்தா மரியா நவர்ரேசே இருக்கிறது; கடைகளும் படகுத்துறையும் அங்கேதான். நாங்கள் கீழே தங்கினோம். மறுபடி போனால் பவுனேயில்தான் தங்குவேன், காலையில் அரை மணி நேரம் மிச்சம்.

2. விசா

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளின் கூட்டம்) குடியிருப்பு அட்டை உள்ளவர்களுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. அடுத்த படிக்குத் தாவுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் ஆய்வு என்றால் 45 நாள் வரை நீளும். ஆனால் உண்மையான இழுபறி அதற்கு முன்னால் இருக்கிறது, விண்ணப்ப மையத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதில். செப்டம்பர் பயணத்துக்கு மே மாதத்திலேயே தேதி தேடத் தொடங்குங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

- கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட கடவுச்சீட்டு. ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும்.
- குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. பயண நாட்கள் முழுவதும் அதில் அடங்க வேண்டும்.
- போகவர விமானப் பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடப் பதிவு.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலையிடத்து விடுப்புக் கடிதம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சார்டினியாவில் நான்கு இரவு, பாரிஸில் ஆறு இரவு என்றால் அது பிரெஞ்சு விசா. இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் மாறுகிறது என்பதற்காக ஜெர்மனியில் விண்ணப்பிக்காதீர்கள்.

இன்னொன்று, விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள். "பணம் திரும்பாது" என்ற விலை நூறு யூரோ குறைவாகத் தெரியும். நாங்கள் அதில் ஒரு அறையை இழந்தோம்.

3. தீவுக்குப் போவதும் காரும்

விமான நிலையம் இரண்டில் ஒன்று: வடக்கே ஓல்பியா, தெற்கே கால்யாரி. ரோமிலிருந்தும் மிலானிலிருந்தும் விமானங்கள் உண்டு. ரோமுக்கு அருகிலுள்ள சிவிதாவெக்கியா துறைமுகத்திலிருந்து ஓல்பியாவுக்குக் கப்பலும் உண்டு. இரவில் ஏறினால் ஒரு அறை வாடகை மிச்சம். ஓல்பியா, கால்யாரி இரண்டிலிருந்தும் பவுனேய்க்குக் காரில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஓல்பியாவிலிருந்து வந்தால் தோர்காலிக்கும் பவுனேய்க்கும் நடுவே எஸ்.எஸ். 125 சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். பார்க்க அழகு, பின்சீட்டில் இருப்பவருக்கு வாந்தி. எலுமிச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாமல் முடியுமா? பேருந்தில் பவுனேய் வரை வரலாம். அங்கிருந்து பாதை தொடங்கும் இடம் இன்னும் எட்டு கிலோமீட்டருக்கும் மேல், மேடு. வழக்கமான பேருந்து கிடையாது. தங்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லி வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கார் எடுப்பதாக இருந்தால் இந்த நான்கைக் கவனியுங்கள்.

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும். விசா கைக்கு வந்த பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசி வாரத்தில் அலையாதீர்கள். அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும்.

முன்வைப்புத் தொகைக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும். டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் பெரும்பாலும் செல்லாது. எங்களுக்கு நடந்தது இதுதான். பதிவு என் பெயரில், கடன் அட்டை மனைவி பெயரில். கவுன்டரில் இருந்தவர் மசியவே இல்லை. கடைசியில் மனைவி பெயரில் புது ஒப்பந்தம் போட்டோம், விலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நல்லவேளை, அவரும் பன்னாட்டு அனுமதி வாங்கியிருந்தார். அவர்தான் நான்கு நாளும் ஓட்டினார், நான் எலுமிச்சை முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். அங்கே கையால் கியர் மாற்றும் கார்கள்தான் வழக்கம். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், நமக்கு நேர் எதிர். முதல் நாளே மலைச்சாலையில் இறங்கிப் பழகாதீர்கள்.

பெட்ரோல் நிலையத்தில் மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருக்க மாட்டார். எந்திரத்தில் அட்டையைச் செருகினால், போடுவது 30 யூரோ எரிபொருளாக இருந்தாலும் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். சில நாளில் திரும்பிவிடும். பதறவேண்டாம், ஆனால் அட்டையில் இருப்பு போதுமா என்று பாருங்கள்.

4. இடம் பிடிப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் மேலான படி. ஒரு நாளைக்கு 250 பேருக்கு மட்டுமே அனுமதி. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 7 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். முன்பதிவு "ஹார்ட் ஆஃப் சார்டினியா" என்ற செயலி வழியாக. எத்தனை நாள் முன்னால் திறப்பார்கள், நேரம் என்ன என்ற விதிகளைப் பருவம் தொடங்கும்போது திருத்துவதுண்டு. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல், ஊரிலேயே செயலியை இறக்கிக் கணக்கு தொடங்கி, அதில் இருக்கும் விதியைப் படித்துவிடுங்கள். முன்பதிவு எந்த நாளில் திறக்கும் என்று தெரிந்ததும் கைபேசியில் அலாரம் வையுங்கள். நேரத்தை இத்தாலிக் கணக்கில் பாருங்கள். கோடையில் இந்திய நேரத்துக்கும் அதற்கும் மூன்றரை மணி வித்தியாசம்.

தங்கும் நாட்களில் முதலாவதை எடுக்காதீர்கள், கடைசியையும் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் முதல் நாள் போய்விடும். கடைசி நாளில் மழை வந்தால் மாற்று நாள் இல்லை. நடுவில் ஒரு நாளைப் பிடியுங்கள்.

இடம் இல்லை என்று காட்டினாலும் விட்டுவிடாதீர்கள். ஆட்கள் ரத்து செய்வார்கள். எங்களுக்குக் கிடைத்த இரண்டு இடமும் முந்தைய இரவு 10 மணிக்குமேல், யாரோ கைவிட்டது. சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் செயலியைத் திறந்து திறந்து பார்த்ததற்குக் கிடைத்த பலன்.

உறுதிப்பதிவைப் படம் பிடித்துக் கைபேசியில் சேமியுங்கள். மலைமேல் இணையம் நம்பத்தக்கதல்ல.

இன்னொரு குழி: படகு. சாந்தா மரியா நவர்ரேசே, ஆர்பதாக்ஸ், காலா கொனோனே துறைகளிலிருந்து கிளம்பும் சுற்றுப் படகுகளின் விளம்பரத் தட்டியில் கொலோரிட்சே படம் பெரிதாக இருக்கும். அவை தூரத்தில் நின்று காட்டிவிட்டு நகரும், கரையில் இறக்காது. பணம் கட்டும் முன் "எங்கே இறக்குவீர்கள்?" என்று கேளுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் படகே நல்லது; பக்கத்திலுள்ள காலா மரியோலுவில் இறக்குவார்கள், அதுவும் அழகான கரைதான்.

5. பாதை தொடங்கும் இடம்வரை

பவுனேய் ஊருக்குள்ளிருந்து கோல்கோ பீடபூமிக்குச் செங்குத்தான வளைவுச் சாலை ஏறுகிறது. மேலே போனதும் சமதளம்; கடைசிப் பகுதி மண்பாதை. வாகனம் நிறுத்துமிடமும் சிறு உணவகமும் கழிப்பறையும் உள்ள அந்த இடத்தின் பெயர் சு போர்தெத்து. சின்னக் கார் போதும், ஜீப் தேவையில்லை, மெதுவாகப் போனால் சரி. வழியில் பன்றிகளும் கழுதைகளும் ஆடுகளும் தங்கள் பாட்டுக்குத் திரியும். காருக்கு வெளியே உணவுப் பையை வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

வழிக்குப் பலகைகளையே நம்புங்கள். கைபேசி வரைபடத்தைப் பார்த்து வந்து ஆட்டுத் தடங்களில் சிக்கிக்கொண்ட பயணிகளை மீட்டே அலுத்துப்போய், 2019-இல் பவுனேய் ஊராட்சி "கூகுள் மேப்ஸ் காட்டும் வழியில் போகாதீர்கள்" என்று பலகையே வைத்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டில் மட்டும் 144 மீட்புகள். குறுக்குவழி என்று எதுவும் தெரிந்தால் அது உங்களுக்கானதல்ல.

காலை 8 மணிக்குள் அங்கே இருங்கள். பிற்பகலில் தாமதமாக வந்தால் பதிவு இருந்தும் இறங்க விடமாட்டார்கள்.

6. பையில் என்ன, காலில் என்ன

ஒரு வழி சுமார் மூன்றரை கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். உயர வித்தியாசம் ஏறக்குறைய 470 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் படிக்கட்டு இல்லை, உருளும் சுண்ணாம்புக் கல்.

காலை மூடிய, பிடிப்புள்ள காலணி கட்டாயம். ரப்பர் செருப்போடு வந்த ஒருவரை வாசலில் தடுத்து நிறுத்தியதைப் பார்த்தேன். கீழே கூழாங்கல்லில் நடக்க ரப்பர் நீர்க்காலணி தனியாக எடுத்துக்கொண்டால் பாதம் உங்களை வாழ்த்தும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். கீழே கடை இல்லை, குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, உடை மாற்ற மறைவிடம்கூட இல்லை. நீச்சல் உடையை உள்ளே போட்டுக்கொண்டே இறங்குங்கள். பெண்கள் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போடலாம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பருத்திச் சுடிதாரோடு மட்டும் கடலில் இறங்க வேண்டாம். நனைந்தால் கல்லைக் கட்டியதுபோல் இழுக்கும், காயவும் காயாது.

சாப்பாட்டை முந்தைய நாள் மாலையே வாங்கிவிடுங்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் 1 மணிக்கு மூடினால் 4, 5 மணிக்குத்தான் திறக்கும். அப்பளம்போல் மெல்லிய, மொறுமொறுப்பான காரசாவ் ரொட்டி நாள்கணக்கில் கெடாது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தக்காளியும் சேர்ந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. குப்பை எல்லாம் உங்களோடு மேலே திரும்பி வர வேண்டும், அதற்கு ஒரு பை.

7. இறங்குவதும் குளிப்பதும்

தொடக்கத்தில் பாதை கொஞ்சம் ஏறும், பிறகு கடல்வரை இறக்கம்தான். இறங்க ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி. வழியில் இடையர்கள் ஜூனிபர் மரக்கட்டையால் கட்டிய பழைய குடில்களும், நிழல் தரும் ஓக் மரங்களும் வரும். நிழல் எங்கே இருக்கிறது என்று இறங்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது அந்த மரங்களைத்தான் தேடுவீர்கள்.

கரை கிழக்கு பார்த்தது என்றேன் அல்லவா, காலைதான் அதன் நேரம். தண்ணீர் நீலமா பச்சையா என்று நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம். பிற்பகலில் பாறைச் சுவரின் நிழல் கரைமேல் விழுந்துவிடும். கடலுக்கடியில் நன்னீர் ஊற்றுகள் இருப்பதால் திடீர் திடீரென்று கால் சில்லிடும். பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ஆழத்துக்கு. சில அடியிலேயே தரை நழுவி இறங்குகிறது. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். கல் வளைவின் மேலிருந்து குதிக்கும் இளைஞர்களைப் பார்த்து உங்களுக்கும் கை பரபரக்கும். அடிபட்டால் உங்களை மேலே தூக்கிச் செல்ல ஹெலிகாப்டரோ மீட்புப் படகோதான் வர வேண்டும். அவசர எண் 112, கடலோரக் காவல் 1530.

8. திரும்பி ஏறுவது

நாங்கள் செய்த இரண்டாவது பெரிய தவறு இங்கே. தண்ணீரை எல்லாம் கரையிலேயே குடித்துத் தீர்த்துவிட்டு, மதியம் 2 மணிக்கு அரை பாட்டிலோடு ஏறத் தொடங்கினோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி அரை மணியில் ஒரு ஜெர்மன் பாட்டி தன் பாட்டிலை நீட்டாவிட்டால் இன்னும் ஆகியிருக்கும். அவருக்கு எழுபதாவது இருக்கும், மூச்சுகூட வாங்கவில்லை.

ஆளுக்கு ஒன்றரை லிட்டரைத் தனி பாட்டிலில் ஒதுக்கி, அதைக் கீழே திறக்காதீர்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கடலைவிட்டு வெளியே வந்து, உடல் காய்ந்து, ஏதாவது உப்பாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஈர உடை தொடையை உரசிப் புண்ணாக்கும். சிறு பிள்ளைகளோடு போனால் ஏறுவதற்கு மட்டும் இரண்டரை மணி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு ஏறும் வயதுக் குழந்தை என்றால் இந்த இடத்தை இன்னும் சில வருடம் தள்ளிப்போடலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை, ஊன்றுகோல் உதவும்.

மேலே வந்ததும் உணவகத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அந்த வட்டாரத்தின் குலூர்ஜோனெஸ் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்: உருளைக்கிழங்கும் புதினாவும் பாலாடைக்கட்டியும் வைத்து, சோமாசி ஓரம் மடிப்பதுபோல் பின்னல் போட்டு மூடிய கொழுக்கட்டை. சுத்த சைவர்கள் மட்டும் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

9. செலவு, கிளம்பும் முன் ஒரு சோதனை

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. இருவருக்கு விசா 180 யூரோவும் சேவைக் கட்டணமும், நுழைவு 14 யூரோ. விமானத்துக்கு அடுத்துப் பெரிய செலவு கார்தான். எங்களுக்கு நான்கு நாளுக்கு 210 யூரோ ஆனது, அதில் எழுபது என் அட்டைக் குளறுபடிக்குக் கொடுத்த அபராதம். அறைக்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று ஊர்வரி கேட்டால் அது ஏமாற்று அல்ல, இத்தாலியில் பல ஊர்களில் உள்ளதுதான். சில்லறை யூரோ கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, கூழாங்கல். வழவழவென்று வெள்ளையாக இருக்கும், குழந்தைகள் கட்டாயம் பையில் போடுவார்கள். சார்டினியாவின் கரைகளிலிருந்து மணலோ கல்லோ கிளிஞ்சலோ எடுத்துச் செல்வது 2017 முதல் 500 யூரோவிலிருந்து 3,000 யூரோ வரை அபராதத்துக்குரிய குற்றம். விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கிறார்கள். கரையைவிட்டு ஏறுமுன் பிள்ளைகளின் சட்டைப்பை, துண்டின் மடிப்பு, காலணி எல்லாவற்றையும் அங்கேயே உதறிவிடுங்கள். என் காலணிக்குள்ளிருந்து ஐந்து கல் விழுந்தன.